பதிப்பு 0.1 முதல் சட்டம் 35 வரை: மலையகத்தின் சான்றிதழ்ப் புராணம்

சர்வர் மென்பொருள் எழுதுகிறவர்கள் புதிய பதிப்பு வெளியிடும்போது கூடவே ஒரு பட்டியலும் போடுவார்கள்: இதைச் சேர்த்தோம், அதைத் திருத்தினோம், தெரியாத்தனமாக இன்னொன்றை உடைத்துவிட்டோம், பொறுத்தருள்க. இலங்கை மலையகத் தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதிய பேராசிரியர்கள் இந்த முறையைத் தொட்டதில்லை. ஆகவே அவர்களுடைய புத்தகங்களை இரண்டாம் அத்தியாயத்துக்கு மேல் கண் கலங்காமல் வாசிக்க முடிவதில்லை. அந்த இருநூறு வருடக் கதைக்குப் பதிப்பு எண் போட்டு எழுதினால் என்ன? கண் கலங்கத்தான் செய்யும், நடுநடுவே சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் தோட்டம் என்றால் என்னவென்று பார்ப்போம். லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் அறை, தோட்ட மேலாளரான துரை கொடுத்தது. அரிசி துரை கொடுத்தது. அதற்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதும் அவரே. மருந்து தோட்டத்து டிஸ்பென்சரியில். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா தோட்டத்துக்குள்ளே. விடிகாலையில் தப்பு அடித்துப் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவதும் உள்ளேயே. எதற்கும் வெளியே போகத் தேவையில்லாமல் சகலத்தையும் சொந்த வளவுக்குள் ஓட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய கணினிக்காரர்கள் 'செல்ஃப் ஹோஸ்டிங்' என்று பெயர் வைத்து, தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைத் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே மலைக்கு ஒன்றாக ஓட்டினார்கள். அந்த சர்வர்களில் ஏற்றிவைத்திருந்தது மனிதர்களை.

எந்த சர்வருக்கும் முதல் தலைவலி ஒன்றுதான்: வந்து நிற்கும் ஆள் யார்? உங்கள் வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது பிரவுசருக்கும் இதே சந்தேகம் வருகிறது. 'நான்தான் வங்கி' என்று யாரும் சொல்லலாம். அதனால் இருவருக்கும் பொதுவான மூன்றாம் ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ் வேண்டும். அதற்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டினால் பிரவுசர் திரை முழுக்க அபாய அறிவிப்புக் காட்டும். இவ்வளவுதான் சங்கதி. இனி புராணம்.

பதிப்பு 0.1: கங்காணியின் வாக்கு

1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பி பறிக்க ஆள் வேண்டும். ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி தமிழ்நாட்டில் தன் ஊருக்குப் போய்ப் பஞ்சத்தில் வாடியவர்களைத் திரட்டினார். கண்டிச் சீமையில் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக இன்றும் லயங்களில் சொல்வார்கள். முன்பின் தெரியாதவன் இனிக்க இனிக்கப் பேசி ஆளைக் கவிழ்ப்பதை இணையத்தில் 'ஃபிஷிங்' என்கிறார்கள். தூண்டிலில் நிஜமாகவே மீனை மாட்டிய ஒரே ஃபிஷிங் இதுதான்.

இந்தப் பதிப்பில் சான்றிதழ் கிடையாது. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைத் தின்றன. எத்தனை பேரை என்று சரியான கணக்கை எவரும் வைக்கவில்லை. கோப்பி மூட்டைக்கு மட்டும் அந்தக் காலத்திலேயே கணக்கு இருந்தது.

1869இல் கோப்பியைப் பூஞ்சை பிடித்தது. கணினிக்காரர்கள் சொல்லும் வைரஸ் அல்ல, இலையைத் தின்னும் நிஜப் பூஞ்சை. நல்லவேளை, ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு பேக்கப் எடுத்து வைத்திருந்தார். தளம் மாறியது. கங்காணி மாறவில்லை.

பதிப்பு 0.2: துண்டு

இதுதான் நம் ஊரின் முதல் முறையான சான்றிதழ். தொழிலாளி தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடனோடு வருகிறான்: வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி, ஊரில் விட்டுவந்தவர்களுக்குக் கொடுத்த முன்பணம். பணம் துரையிடமிருந்து தலைக்கங்காணிக்கு, அவரிடமிருந்து சில்லறைக் கங்காணிக்கு, அவரிடமிருந்து தொழிலாளிக்கு இறங்கிவரும். ஒவ்வொரு படியிலும் பணம் இளைக்கும், கடன் கொழுக்கும்.

கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துரை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுப்பார். சாரம் இதுதான்: இன்னாருக்கும் அவருடைய இத்தனை ஆட்களுக்கும் இவ்வளவு ரூபாய் கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன். அந்தத் துண்டோடு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பேரம் பேசுவார். புதிய துரை பழைய கடனைக் கட்டி, கங்காணிக்கும் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்து, மொத்தத்தையும் புதுக் கடனாக எழுதிக்கொள்வார். கடன் கட்டப்பட்டதும் கடன் கூடியிருக்கும். கணிதத்தில் இதற்கு விளக்கம் இல்லை. தோட்டத்துக் கணக்கில் இருந்தது.

வடிவமைப்பின் உச்சக்கட்ட அழகு என்னவென்றால், யாரைப் பற்றிய சான்றிதழோ அவரால் அதை வாசிக்க முடியாது. எத்தனை ரூபாய்க்குத் தான் கைமாறினோம் என்பது கொழுந்துக் கூடை சுமந்தவளுக்குத் தெரியாது. கடைசியில் துரைமாரே 'கடன் ஏறிக்கொண்டே போகிறது' என்று புலம்ப ஆரம்பித்த பிறகுதான் அரசாங்கத்துக்கு அறம் உதித்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது.

பதிப்பு 0.3: பற்றுச்சீட்டு

வேலையைவிட்டு விலகுகிறவருக்குத் தோட்டம் கொடுக்கும் சீட்டு. வாய்ப்பேச்சில் பத்துச்சீட்டு. அது இல்லாதவரை இன்னொரு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. சொல்லாமல் ஓடிப்போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. ஆக உள்ளே இருப்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படாத, வெளியே போவதற்கு மட்டும் சான்றிதழ் கேட்ட உலகின் அபூர்வ சர்வர் நம்முடையது.

பிற்காலத்தில் இதே சீட்டு தலைகீழாகவும் வேலை செய்தது. சங்கத்தில் சேர்ந்தாயா, துரையை எதிர்த்துப் பேசினாயா, பிடி பத்துச்சீட்டை, காலி செய் லயத்தை. பிடித்து வைக்கவும் விரட்டவும் ஒரே சீட்டு. கடதாசிச் செலவு மிச்சம்.

பதிப்பு 0.4: தகரம்

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு வன்பொருள் வந்தது. வட்டமான சிறு தகரத் தகடு. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். துளையில் கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பினால், வழியில் எவரும் பேர் கேட்க மாட்டார்கள். தகட்டைப் பார்த்துச் செலவை அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதிவிடுவார்கள். பொதி பத்திரமாக உரிய விலாசத்துக்குப் போய்ச் சேரும். 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழில் ஆணையகமே திறந்து இதையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்தன.

ஃபயர்வால் இல்லாமல் எப்படி? அது மண்டபம் என்ற ஊரில் இருந்தது. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம். ஆளைத் தடுத்துவைத்து, ஊசி போட்டு, நோய் இல்லையென்று கண்ட பிறகுதான் கப்பல். பின்னாளில் இலங்கையில் சண்டை மூண்டு மறுபக்கமிருந்து அகதிகள் ஓடிவந்தபோது அதே மண்டபத்தில்தான் தங்கவைத்தார்கள். ஒரே கதவு, இரண்டு பக்கமும் பூட்டு.

பதிப்பு 0.5: நிரந்தரக் குடியிருப்பு

1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லாருக்கும் வாக்குரிமை என்றது. 'எல்லாருக்கும்' என்றால் தோட்டத் தொழிலாளிக்குமா என்று பலருக்கு வயிற்றைக் கலக்கியது. சமரசமாக ஒரு சான்றிதழ் வந்தது. ஐந்து வருடம் இங்கே குடியிருந்ததாகவும் இங்கேயே தங்கப்போவதாகவும் காட்டி, இந்தியக் குடியேறிகளுக்கென்று இருக்கும் விசேஷப் பாதுகாப்பையும் கைவிட்டால் வாக்கு. தலைப்பில் 'நிரந்தரம்' என்று இருந்தது. இந்த வரலாற்றில் நிரந்தரம் என்று பெயர் வைத்த எதுவும் இருபது வருடம் தாண்டியதில்லை.

இருந்தாலும் அந்த வாக்கு வேலை செய்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தூரிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றத்துக்குள் நடந்துவந்ததைப் பார்த்ததும் கொழும்பில் சிலருக்கு சர்வரின் பாதுகாப்பு பற்றித் திடீர்க் கவலை பிறந்தது.

பதிப்பு 1.0: மொத்த ரத்து

1948 பெப்ரவரி 4. மூலச் சான்றளிப்பவராகிய வெள்ளைக்காரர் கப்பலேறிவிட்டார். கூட்டிவந்தவர் அவர். துண்டு எழுதியவர் அவர். தகரம் அடித்தவரும் அவர். போகும்போது அந்தக் கையெழுத்துகள் இனி செல்லுமா செல்லாதா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை.

அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இணையத்தில் இதை 'நம்பிக்கைச் சங்கிலி' என்பார்கள். தளத்தின் சான்றிதழை இடைநிலைச் சான்றிதழ் உறுதிசெய்யும், அதை மூலச் சான்றிதழ் உறுதிசெய்யும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் எல்லாம் போச்சு. மலையகத்தில் இடைநிலைக் கண்ணி லயத்துத் திண்ணையில் படுத்திருந்தது. மூலக் கண்ணி எப்போதோ மாத்தளைக் காட்டில் செத்துப்போயிருந்தது. தாய்வழியைக் கேட்கவேயில்லை. கொழுந்து பறித்து நாட்டுக்கே சோறு போட்டவள், சங்கிலியில் ஒரு கண்ணியாகக்கூடத் தகுதி பெறவில்லை.

விசாரணை மேசையில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று கற்பனை செய்கிறேன்:

"ஒன் தாத்தா எங்க பொறந்தாரு?"

"அவரு பொறக்கும்போது நான் கூட இல்லீங்களே ஐயா."

"பிறப்புச் சான்றிதழ் எங்கே?"

"தகரம்தாங்க இருந்துச்சு. தம்பி வெளையாடித் தொலைச்சுட்டான்."

சுமார் ஏழு இலட்சம் பேருடைய சான்றிதழ் ஒரே மாலையில் செல்லாமல் போனது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பிடுங்கினார்கள். இதில் யார் எந்தப் பக்கம் என்ற சண்டையில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, அந்த டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஒரு ஆசனமும் இல்லை. பாதுகாப்புக் குறைபாடு வெற்றிகரமாக நீக்கப்பட்டது.

பதிப்பு 1.1: கைமுறைப் புதுப்பித்தல்

மனிதாபிமானத்தைக் கைவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? 1949இல் 3ஆம் இலக்கச் சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பிக்கலாம். மணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடம், மணமாகாதவர் என்றால் பத்து வருடம், இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். கல்யாணம் செய்துகொண்டால் மூன்று வருடம் தள்ளுபடி. குடும்பஸ்தன் எங்கே ஓடப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள் போலும். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு உலக ஞானம் இருந்தது.

செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேடுதான் பெரும்பாலோருக்கு ஆதாரம். அதில் ராமசாமி. பிறப்புப் பதிவில் ராமையா. ஊரில் கூப்பிடுவது குட்டியன். மூன்றும் ஒரே ஆள் என்று குட்டியனுக்குத் தெரியும், குட்டியன் பெண்சாதிக்குத் தெரியும், அரசாங்கக் கச்சேரிக்குத் தெரியாது. இன்றைக்கும் இணையச் சான்றிதழில் ஓர் எழுத்து பிசகினால் பிரவுசர் இதே முகத்தைத்தான் காட்டுகிறது.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி 1951 ஆகஸ்ட் 5. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் ஏறத்தாழ 8,25,000 பேர். பத்துப் பதினைந்து வருடம் பரிசீலித்து, பரிசீலித்ததை மறுபடி பரிசீலித்து, பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000. ஆறில் ஒருவருக்குக் கிடைத்தது. அரைநாள் வேலைக்குத் தோட்டத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள். முழு வாழ்நாள் வேலைக்கு அரசாங்கம் ஆறில் ஒரு பேர் போட்டது.

பதிப்பு 2.0: பயனர்களைப் பகிர்தல்

1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கணக்குப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு என்பது 1974இல் வந்தது. சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போதுகூட ஆட்டுக்குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இங்கே தொண்டமானைக்கூடக் கேட்கவில்லை.

பயனர்களின் விருப்பம் விண்ணப்பங்களில் தெரிந்தது. மூன்று இலட்சம் இடம் வைத்திருந்த இலங்கைக்கு சுமார் ஏழு இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஐந்தேகால் இலட்சம் இடம் வைத்திருந்த இந்தியாவுக்கு சுமார் நான்கு இலட்சம். இரு தலைநகரங்களும் இதை மனிதர்களின் தவறு என்றே கருதின.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1984இல் சண்டை காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வாங்கிவிட்டுக் கிளம்பாமல் இருந்தவர்கள் லயத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். கடவுச்சீட்டு பெட்டிக்குள் இருந்தபடியே காலாவதியானது. இந்தியா என்ற சர்வர் கண்ணுக்குத் தெரிகிறது, இணைப்பு இல்லை; இலங்கை என்ற சர்வரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், கணக்கு இல்லை. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் கொஞ்சம் பேரை மீட்டது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இடைவேளை: அந்தப் பக்கத்து மடமை

வெள்ளைக்காரன் கணினியில் மட்டும் புத்திசாலியாக இருந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1995இல் வெரிசைன் நிறுவனம் தொடங்கி இணையச் சான்றிதழ் விற்க ஆரம்பித்த பிறகு இருபது வருடம் அங்கேயும் கச்சேரி நடைமுறைதான். காசு கட்டு, கம்பனிப் பத்திரத்தை ஃபேக்ஸ் பண்ணு, காத்திரு, வந்ததை சர்வரில் கையால் ஒட்டு, அடுத்த வருடத் தேதியை நாட்காட்டியில் குறித்து வை. குறித்து வைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். தேதி வந்து போயிருக்கும். தளம் படுத்துக்கொள்ளும்.

பெரிய மனிதர்களும் தப்பவில்லை. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது. பிரிட்டனில் ஓ2 வாடிக்கையாளர்கள் மூன்று கோடிப் பேருக்கு மேல் கைபேசியில் இணையம் இல்லாமல் தவித்தார்கள். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்துக்குள் திருடன் புகுந்து கூகுள் பேரில் கள்ளச் சான்றிதழ் அடித்தான். தெரியவந்த சில வாரங்களில் பிரவுசர்கள் அந்த நிறுவனத்தையே தள்ளிவைத்தன, அது திவாலானது. கவனியுங்கள்: தப்புச் செய்த கங்காணியைத்தான் அங்கே விரட்டினார்கள், கூடை சுமந்தவர்களை அல்ல.

2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்குத் திறந்தது. இலாப நோக்கில்லாத அமைப்பு, சான்றிதழ் இலவசம், ஆயுள் 90 நாள். உங்கள் சர்வர் போய்க் கதவைத் தட்டும். 'இந்த விலாசம் உன் கையில்தான் இருக்கிறதா? அப்படியென்றால் நான் தரும் இந்தச் சொல்லை உன் வாசலில் எழுதி வை' என்று பதில் வரும். சர்வர் எழுதி வைக்கும். உலகின் பல மூலைகளிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சில விநாடிகளில் காரியம் முடிந்தது. பாட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்வி எந்த இடத்திலும் வராது. ஆக்மி என்ற இந்த நெறிமுறை 2019இல் இணையத் தரமாகவே பதிவானது.

அதன் பிறகு சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வாழ்க்கை சுலபமாகிக்கொண்டே வருகிறது. கேடி என்றொரு வெப் சர்வர் இருக்கிறது. பெயர்தான் அப்படி, ஆள் தங்கம். விலாசத்தை மட்டும் சொன்னால் போதும், சான்றிதழ் வாங்குவதும் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் மிச்சமிருக்கும்போதே புதுப்பிப்பதும் அதன் பொறுப்பு. என்ஜின்எக்ஸுக்கும் 2025இல் இதற்கென்று தனி இணைப்பு வந்துவிட்டது. அதே வருடம் பிரவுசர் கம்பனிகளும் சான்றளிப்பவர்களும் கூடி, 2029 மார்ச்சிலிருந்து எந்தச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். லெட்ஸ் என்கிரிப்டில் ஆறு நாள் சான்றிதழே கிடைக்கிறது. ஆயுள் குறையக் குறையத் திருட்டுப் போனாலும் சேதம் குறைவு. புதுப்பிக்கும் வேலை இயந்திரத்தின் தலையில் இருப்பதால் யாருக்கும் வலிக்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 2020 மார்ச். லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மென்பொருளில் ஒரு பிழை. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களை முறையாகச் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டார்கள். விதிப்படி எல்லாவற்றையும் ரத்துசெய்ய வேண்டும். பிழை எங்களுடையது என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். பாதிக்குமேல் அவசரமாக மாற்றப்பட்டன. பத்து இலட்சத்துக்கு மேல் மிச்சம். கெடு முடிந்த நேரத்தில், இவற்றை ரத்துசெய்தால் ஒன்றுமறியாத தளங்கள் உடையும் என்று சொல்லிக் கையை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு 'எப்போது புதுப்பிக்க வரட்டும்?' என்று சர்வரே அவ்வப்போது கேட்டுக்கொள்ளும் வசதியையும் செய்தார்கள். இன்னொரு முறை பிழை நேர்ந்தால், 'இப்போதே வா' என்று பதில் சொன்னால் போதும்.

கணினிகளுக்குக் காட்டிய இந்தத் தயவை 1948 நவம்பரில் யாராவது காட்டியிருந்தால் நான் இந்தப் புராணத்தை 0.5உடன் முடித்திருப்பேன்.

பதிப்பு 3.0: பத்து நாள்

ஆனால் ஒரு பெருமை நமக்கும் உண்டு. 2003 அக்டோபரில் இலங்கைப் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வசிக்கிறாயா, அல்லது அப்படி வசித்தவரின் வழித்தோன்றலா? அப்படியென்றால் நீ இலங்கைப் பிரஜை. முடிந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டால் சரி.

அதிகாரிகளும் தொண்டர்களும் தொழிற்சங்கக்காரர்களும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டங்களுக்கே நடமாடும் சேவையாகப் போனார்கள். ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயம் கூட நின்றது. பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் பிரஜையானார்கள். 55 வருடம் கைமுறையாகச் செய்து முடிக்காத காரியம் அது. லெட்ஸ் என்கிரிப்ட் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 'பூட்டனைக் கேட்காதே, இந்த வாசலில் இருக்கிறானா என்று மட்டும் பார். புதுப்பிக்கும் வேலையை வழங்குகிறவனே செய்' என்ற தத்துவத்தை இலங்கை அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டு, வழக்கம்போல் மறந்துவிட்டது.

தெரிந்த குறைகள்

எல்லாப் பதிப்புக் குறிப்புகளின் கடைசியிலும் இந்தப் பகுதி இருக்கும். 2023இல் மலையகம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த அதே பாதையில் மக்கள் மறுபடி நடந்தார்கள். கோரிக்கைகளில் முன்னால் நின்றவை வீடும் காணியும். பிரஜை என்ற சான்றிதழ் கிடைத்துவிட்டது. வாக்கு இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறது. குடியிருக்கும் லயத்து அறைக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் பெரும்பாலோரிடம் உறுதிப் பத்திரம் இல்லை. புது வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் பெற்றவர்கள் சிறு பகுதியினர்தான். தபாலை வீட்டு வாசலில் வாங்க ஒரு விலாசம்கூட இல்லாத லயங்கள் இன்னும் இருக்கின்றன. விலாசம் இல்லாத சர்வருக்கு லெட்ஸ் என்கிரிப்டே சான்றிதழ் தராது.

கொழும்பில் இதைப் படிக்கும் அதிகாரி யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. செய்முறை உங்களிடமே இருக்கிறது. 2003இன் கோப்பைத் தூசு தட்டினால் போதும். படிவத்தை ஒரே பக்கத்தில் அடியுங்கள், பேர் பிசகினால் அங்கேயே திருத்துங்கள், ஆளை அலையவிடாமல் நீங்களே மலைக்கு ஏறிப் போங்கள். பாட்டனைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த முறை கொடுக்க வேண்டியது காணி உறுதி. அதைக் காலாவதித் தேதி போடாமல் கொடுங்கள்.